வால் இல்லாத ஆலிலை

போன வாரம் டிசைன் வேலை பார்க்கிற உங்களில் ஒருவர் ஓர் இலை ஐகானை எனக்குக் காட்டினார். ஏதோ சோப்புக் கம்பெனிக்காம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "எந்த மரத்து இலை?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார். "சும்மா இலைதான் சார்" என்றார். சும்மா இலை துளிர்க்கிற மரம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு, இன்னும் இரண்டு வார்த்தை கடுமையாகவும் சொல்லிவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்துவிட்டது. கிழவனுக்கு ரிடையர் ஆகியும் வாய்க்கொழுப்பு அடங்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அடங்கவில்லைதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த டிடிபி கடை உங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கல்யாணக் கார்டு, மிளகு மூட்டைக்கான முத்திரை, ஏலக்காய்ப் பெட்டியின் லேபிள் என்று பஜாரில் எது அச்சானாலும் பாதி என் கை வழியாகத்தான் போகும். அதற்கு முன்பெல்லாம் தூரிகையால் வரைந்தேன். பிறகு வெக்டர் மென்பொருள் வந்தது. கோட்டில் ஆங்காங்கே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், நோடு என்போம். அதைப் பிடித்து இழுத்தால் வளைவு கூடவே வரும். உங்களுக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிட வேகமாக இழுப்பீர்கள். எங்கே இழுக்கக் கூடாது என்பதுதான் சங்கதி.

நாங்கள் இருந்தது கிடங்குகளுக்குப் பின்னால், வரிசையாக ஒட்டி நின்ற லைன் வீடுகளில் ஒன்றில். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் மூட்டை தூக்கவும் நகரசபையில் குப்பை வாரவும் வந்தவர்கள். வந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஆளுக்குக் கொஞ்சமாய்ப் போட்டு, அந்த லைன் நின்ற நிலத்தைச் சங்கத்தின் பேரில் வாங்கினார்கள். வீடு அவரவருக்கு, நிலம் சங்கத்துக்கு. அப்பா போனபின் எங்கள் வீட்டு உறுப்பினர் உரிமை அம்மா பேருக்கு வந்தது. லைனில் பெரும்பாலும் அப்படித்தான், ஓட்டு எல்லாம் கிழவிகள் கையில். அவர்களுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, மலையாளமும் படிக்கத் தெரியாது. எங்கள் தலைமுறைக்கு மலையாளம் மட்டும் படிக்கத் தெரியும்.

அந்த வருடம் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் லைனில் பிறந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் சுள்ளிக்கல்லில் வீடு கட்டிப் போனவர். அவரைச் சுள்ளிக்கல்காரர் என்றுதான் சொல்வோம். நிலத்தை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்றுவிடலாம், ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் செல்வி அக்கா. சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. கைவிரல் எல்லாம் எப்போதும் இஞ்சி வாசம் அடிக்கும். நிலத்தை அவரவர் பேருக்குப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும், யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்பது அக்கா கட்சி. அக்கா ஜெயித்தால் வீடு எங்களுக்கு. தோற்றால் தெரு. இவ்வளவுதான் விஷயம்.

தேர்தலை நடத்த ஒரு வக்கீல் சாரை வைத்தார்கள். மலையாளி, நேர்மையானவர், அந்த நேர்மையைப் பற்றி அவரே அடிக்கடி சொல்லவும் செய்வார். படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் சின்னம் வேண்டும் என்றார். கட்சிச் சின்னம் மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, இயற்கைப் பொருளாக இருக்கட்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உலகத்தில் மீன் இல்லையா, நிலா இல்லையா, தேங்காய் இல்லையா? மனுஷனுக்கு இரண்டு இலைகள்தான் தோன்றின. ஆலில, பிலாவில. நம் பாஷையில் ஆலிலை, பலா இலை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் செல்வி அக்காவுக்கு ஆலில விழுந்தது.

லைனில் ஒரே சந்தோஷம். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்றுதானே கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். அந்த ஆல் நம் பக்கம் விழுந்துவிட்டது, இனி வேர் பிடித்த மாதிரிதான் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். வாக்குச்சீட்டு அடிக்கிற வேலையும் எங்கள் கடைக்கு வந்தது. நான் ஆலமரத்து இலை ஒன்றைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். முட்டை வடிவம், மழுங்கின நுனி, தடித்த காம்பு, நடு நரம்பிலிருந்து பிரிகிற கிளை நரம்புகள். கறுப்பு ஒரு நிறத்தில், விரல்நகம் அளவுக்குச் சுருக்கினாலும் தெரிகிற மாதிரி வந்தது. பொய் சொல்லவில்லை, என் வாழ்நாளில் நான் வரைந்த ஐகான்களில் அதுதான் நன்றாக வந்தது. பெரிதாக ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம செல்விக்க இலையா?"

"ஆமாம்மா."

"பால் வடியுற மாதிரியே இருக்குதேடா காம்புல" என்றாள். கஞ்சியைத் தடவி அரிசி டின்னின் மேல் அதை ஒட்டிவிட்டாள். அரிசி வாங்க வந்தவள், உப்புக் கடன் கேட்டு வந்தவள் எல்லாருக்கும் காட்டினாள். என் மகன் வரைஞ்ச இலை, ஓட்டுச்சீட்டுல இதுதான் வரும் என்று.

மறுநாள் வக்கீல் சார் கடைக்கு வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எந்தா மணி இது? இது ஆலிலயல்லடோ. இது பிலாவிலயாணு."

"ஆலிலைதான் சார். இப்பதான் பறிச்சிட்டு வந்தேன், பாருங்க" என்று மேசையில் கிடந்த இலையை நீட்டினேன்.

அவர் சிரித்தார். "ஆலிலக்கு ஒரு வாலு வேண்டே? அம்பலத்தில் கண்டிட்டில்லே தான்?"

ஆலிலைக்கு வால் வேண்டாமா, கோயிலில் நீ பார்த்ததில்லையா என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் சாதாரணமாக ஆல் என்று சொன்னால் கோயில் மேடையில் நிற்கிற அரசமரம்தான் அவர்கள் மனதில் வரும். படத்தில், தாலியில், நகையில் ஆலில என்றால் இதயம் மாதிரி அகன்று, நுனியில் நீண்ட வால் உள்ள அரசிலைதான். நமக்கு அது அரசு. ஆல் வேறு. கொச்சியில் பிறந்த தமிழனுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், பழம் என்றால் வாழைப்பழம் என்பதெல்லாம் தொட்டிலிலேயே தெரியும். அதில் எவனும் ஏமாறமாட்டான். இரண்டு பாஷையிலும் ஒரே சொல்லாக இருந்து, ஏறக்குறைய ஒரே பொருளும் தருகிறதே, அந்தச் சொல்தான் கழுத்தை அறுக்கும். இதை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பிரதி எடுத்து அதன் அடியை அகலப்படுத்தினேன். நுனி நோடைப் பிடித்துக் கீழே இழுத்தேன், வால் வந்துவிட்டது. வக்கீல் சாருக்குத் திருப்தி. "இனி பிலாவில" என்றார். பிறகு நான் முதலில் வரைந்த இலையைக் காட்டி, "அது தன்னே மதி. நல்ல பிலாவில" என்றார், அதுவே போதுமாம். உண்மைதானே, ஆலிலைக்கும் பலா இலைக்கும் கறுப்பு நிழலில் என்ன பெரிய வித்தியாசம்? கல்யாண சீசன், வாசலில் கார்டுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். புதிதாக ஓர் இலை வரைய எனக்கு நேரமும் இல்லை, நல்ல படத்தைத் தூக்கிப்போட மனமும் இல்லை. கோப்பின் பெயரைப் பிலாவில என்று மாற்றிச் சேமித்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. நீங்களும் தினமும் செய்கிறீர்கள்.

கிளம்பும்போது வக்கீல் சார் ஒன்று சொன்னார். நான் அந்த லைன் ஆள் என்பதால் சுள்ளிக்கல்காரர் ஏற்கெனவே முணுமுணுக்கிறாராம். அதனால் வாக்குச்சீட்டைப் பற்றி லைனில் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். பெருமையாகக்கூட இருந்தது. வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பாற்றுகிற தொழில்காரன் அல்லவா நான்.

இதற்குப் பிறகும் தினமும் காலையில் அந்த அரிசி டின்னுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாயா குடித்தேன். இலை என்னைப் பார்த்தது, நான் இலையைப் பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை. வேலை நெருக்கடி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் இருக்கிறேன், பல வருடம்.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பினேன். லைனுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வீடு வாசலில் இலைத் தோரணம். நூலில் கோத்த ஆலமரத்து இலைகள், பச்சைப் பசேலென்று, வால் இல்லாமல். போஸ்டர் அடிக்க அக்காவிடம் ஏது காசு? அம்மா ஒட்டி வைத்த படத்தைப் பார்த்து, இதே மாதிரி இலையில் குத்துங்கள் என்று சொல்லி, அக்கா கிடங்கில் வேலை செய்கிற பெண்களைக் கூட்டிப்போய்ப் பறித்துவந்து கட்டியிருக்கிறாள். லைன் முழுக்க நாளை தேடப்போவது அந்த இலையைத்தான். அந்த இலை வாக்குச்சீட்டில் சுள்ளிக்கல்காரர் பேருக்கு நேராக இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான். 

வந்த வழியே திரும்பி பஸ் பிடித்து வக்கீல் சார் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பேரு தாழெ எழுதியிட்டுண்டல்லோ மணி" என்றார். பேர்தான் கீழே எழுதியிருக்கிறதே.

"படிக்கத் தெரியாதுன்னுதானே சார் சின்னமே வச்சீங்க?"

 சீட்டெல்லாம் முத்திரை வைத்துக் கட்டியாகிவிட்டது, இனி மாற்றினால் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும், சுள்ளிக்கல்காரர் கோர்ட்டுக்குப் போவார், சீட்டு வரைந்தவனே லைன்காரன் என்று முதல் வரியிலேயே எழுதுவார் என்றார். "தனிக்கு அது வேணோ?" என்று கேட்டார். உனக்கு அது வேண்டுமா என்று அர்த்தம். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கோழையாக்கியது.

நேராக செல்வி அக்கா வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றேன். அக்கா அடுப்பில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீட்டுல உன் சின்னம் வால் உள்ள இலை. அரசிலை மாதிரி. வாசல்ல கட்டியிருக்கது அவரோட சின்னம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "விளையாடாத மணி."

"சத்தியமாக்கா. ஆலிலன்னா அவங்களுக்கு அதுதானாம்."

விறகை வெளியே இழுத்து அடுப்பை அணைத்தாள். பிறகு என்னைத் திட்டாமல் வேலையை யோசித்தாள், அப்படிப்பட்ட பொம்பிளை. "சரி. இப்பவே வீடு வீடா போய்ச் சொல்லிருவோம். நீயும் வா. வரைஞ்சவன் நீ சொன்னா அடுத்த பேச்சில்லாம நம்புவாங்க."

"என் பேர் வேண்டாம்க்கா. வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். தெரிஞ்சா பஜார்ல எனக்கு எவனும் வேலை தரமாட்டான்."

"உன் பேரைச் சொல்லாம நான் எதைச் சொல்லிடா நம்ப வைப்பேன்?"

 அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் "போ" இன்னும் காதில் இருக்கிறது. அதில் கோபம் இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

அன்று அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தோரணத்தை அவிழ்க்கச் சொன்னாள். வால் உள்ள இலையில் குத்துங்கள் என்றாள். யார் சொன்னது என்று கேட்டவர்களிடம், தெரியும், நம்புங்கள் என்று மட்டும் சொன்னாள். போக முடியாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லி அனுப்பினாள். வாய் மாறி வாய் போனபோது அது செல்வி சொன்னதாகப் போகவில்லை, யாரோ சொன்னதாகப் போனது. நான் வீட்டுக்குள் இருந்தேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்துவிட்டாள். அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா வாயில் எதுவும் நிற்காது, விடிவதற்குள் என் பேரோடு லைன் முழுக்கப் போய்விடும் என்று பயந்தேன். போயிருக்கும். போயிருந்தால் நாங்கள் இன்றும் அங்கேதான் இருந்திருப்போம்.

காலையில் சங்கத்து ஹாலில் ஓட்டு. எனக்கு ஓட்டு இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் தோரணத்தை அவிழ்த்திருந்தார்கள், அடுத்த வீட்டில் அப்படியே தொங்கியது. அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு போய், மை வைத்த விரலோடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"விடியக்காலம் ஒருத்தி வந்தா மணி. ஆலிலை இல்லையாம், வால் உள்ள இலைல குத்தணுமாம். ஆரு சொன்னதுன்னு கேட்டேன், தெரியலைங்கிறா. அந்தச் சுள்ளிக்கல்காரன் பரப்பிவிட்ட புளுகு, வேற என்ன. கடைசி நேரத்துல இப்படித்தான் கிளப்பி விடுவாங்க. அரசிலைக்கும் ஆலிலைக்கும் வித்தியாசம் அறியாதவளா நான்?"

 "அப்புறம் எதுலம்மா குத்தினே?"

"இது என்ன கேள்வி. சீட்டை விரிச்ச உடனே கண்டுட்டேன். அதே காம்பு, அதே நரம்பு. நீ வரைஞ்சது எனக்குத் தெரியாதா? வரிசைல நின்ன எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் வந்தேன், புளுகை நம்பாதீங்க, நம்ம மணி வரைஞ்ச இலையிலயே குத்துங்கன்னு."

சாயங்காலம் எண்ணினார்கள். செல்வி அக்கா தோற்றாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, எங்கள் வாசல் திட்டில் உட்காரவைத்துவிடலாம், அத்தனை பேர்தான். அக்கா அழவில்லை, யாரையும் கைகாட்டவும் இல்லை. என் பேரை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் "சாயா குடிச்சியாடா" என்று கேட்பாள். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லாமல் போயிற்று.

அடுத்த மழைக்காலத்துக்குள் லைன் காலியானது. சிலர் தோப்பும்படிப் பக்கம், சிலர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். செல்வி அக்கா எங்கே போனாள் என்று கொஞ்ச காலம் விசாரித்தேன், பிறகு விசாரிக்கப் பயந்தேன். நாங்கள் களமசேரியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் ஃபேக்டரி, பேசத் தமிழ் ஆள் இல்லை. அம்மா பாதி நாள் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் இதுதான் வரும்: "நாம எல்லாரும் ஆலிலையிலதானடா குத்தினோம். அப்புறம் எப்படித் தோத்தா? எண்ணினதுலதான் கள்ளத்தனம்." நான் ஆமாம்மா என்பேன். வேறு என்ன சொல்ல? கண்ணைத் திறந்துவிட்டு அவளுக்கு எதைக் காட்ட?

இதிலிருந்து பாடம் என்று ஒன்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சொல்கிறேன். வரைந்த ஐகானைப் பேர் இல்லாமல் நாலு பேரிடம் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். ஒரு வேலைக்கு வரைந்ததை இன்னொரு பேருக்கு மாற்றும் முன் அதை ஏற்கெனவே யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். எச்சரிக்கை செய்வதென்றால் உங்கள் பேரைச் சொல்லிச் செய்யுங்கள், ஊர் பேர் இல்லாத உண்மையைப் புளுகு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? லைன் நின்ற இடத்தில் நீச்சல்குளம் இருக்கிறது.

களமசேரிக்குப் போய்ச் சில வருடம் கழித்து அரிசி டின்னில் இருந்த படம் நைந்து கிழிந்துவிட்டது. "புதுசா ஒண்ணு எடுத்துத் தாடா, அந்த ஆலிலையை" என்றாள் அம்மா. கடையில் கணினியைத் திறந்து தேடினேன். ஆலில என்ற பேரில் வால் உள்ளது வந்தது. அதை மூடிவிட்டு, பிலாவில என்று இருந்ததைத் திறந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கஞ்சி தடவி ஒட்டினாள். ஒட்டிவிட்டு, "இதைப் பாத்தும் நமக்கு ஓட்டுப் போடாதவங்க ஆருடா?" என்று கேட்டாள்.